மடை திறந்தது, மதகு யார் கையில்?

பேராக்கின் ஈப்போவில், புந்தோங் பக்கம் முதல் தடவை போகிறவர்களுக்கு மூக்குதான் வழிகாட்டி. கச்சாங் பூத்தே வறுபடும் வாசம் தெருமுனைக்கு முன்பே வந்து அழைத்துப் போய்விடும். காய்ந்த எண்ணெயில் விழும் கடலை மாவு, கறிவேப்பிலை, மிளகாய்த் தூள். 1940-களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தட்டில் வைத்துத் தலைச்சுமையாக விற்கத் தொடங்கிய பலகாரம் இன்று மலேசியா முழுக்கப் போகிறது. கம்போங் கச்சாங் பூத்தே என்று அந்த இடத்துக்கே பெயர் ஆகிவிட்டது. தைப்பூசத்தன்று இதே புந்தோங்கின் மகா மாரியம்மன் கோயிலிலிருந்துதான் பால்குடமும் காவடியும் கிளம்பி குனோங் சீரோ கல்லுமலை முருகனை நோக்கி நடக்கும். உறுமி முழங்கும். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடி அடிப்பார்கள்.

அந்தப் பையன்களின் காதில் 2006-இல் வேறொரு தாளம் விழுந்தது.

'வல்லவன்' என்ற குறுந்தகடு. யோகி பி அண்ட் நட்சத்ரா என்ற மூவர் குழு. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். மூவரும் மலேசியத் தமிழர்கள். அதில் இருந்த 'மடை திறந்து' என்ற ஒரு பாட்டு கடல் தாண்டிச் சென்னைக்குப் போனது, யாழ்ப்பாணத்துக்குப் போனது, டொரோண்டோவுக்கும் லண்டனுக்கும் போனது. தமிழில் ராப் பாடினால் சிரிப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைகள், அன்றிலிருந்து நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எதுகை தேடத் தொடங்கினார்கள். சினிமாவில் வரும் இரண்டு வரி வேடிக்கைப் பேச்சாக இல்லாமல், பெருமிதமான, கொஞ்சம் செந்தமிழ் வாடை அடிக்கிற, மூச்சுவிடாமல் பொழிகிற தமிழாக ராப் இருக்க முடியும் என்று காட்டியது அந்தப் பாட்டுதான். தமிழ் ராப்பின் வரலாற்றை எழுத உட்காருகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அந்தப் பாட்டின் மூலம் எது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1980-இல் வந்த பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. வாய்ப்புக் கிடைக்காத ஓர் இளம் இசைக்கலைஞன், தான் ஒருநாள் பெரிய ஆளாகிவிட்டதைப் போலக் கற்பனை செய்கிற காட்சி அது. படத்தில் அந்தக் கனவு பலிக்காது. இருபத்தாறு ஆண்டு கழித்து, அதே மெட்டின் தோளில் ஏறி மலேசியப் பையன்கள் மூவர் உண்மையிலேயே புகழடைந்தார்கள்.

புகழ் வந்தது சரி. அதன்பின் என்ன ஆனது, பணம் எந்தப் பக்கம் போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பேராக் மண்ணில் நின்று கேட்கிறபோது அந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

யோகேஸ்வரன் வீரசிங்கம் என்கிற யோகி பி-க்கு 'வல்லவன்' முதல் வெற்றி இல்லை. பொயெட்டிக் அம்மோ என்ற குழுவில் பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ ஆகியோருடன் அவர் இருந்தார். 1998-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் மலேசிய ஹிப் ஹாப்புக்கு ஒரு மைல்கல். ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று ஒரே குறுந்தகட்டில் நாட்டின் நாக்குகள் எல்லாம் பேசின. ஒரு கோப்பிக் கடையில் நான்கு மேசைகளில் நடக்கிற பேச்சை ஒன்றாகக் கேட்பது போல. 2000-இல் இரண்டாவது ஆல்பம் வந்தது.

அதற்குப் பிறகு அந்த அலை மெல்லத் தணிந்தது. பெரும்பாலான ராப் கலைஞர்களின் கதை இந்த இடத்தில்தான் முடியும். முதல் புகழ் இருபதுகளில் வரும், முப்பதுக்குள் வடியும், பிறகு ஒரு சம்பள வேலை. யோகி பி அந்த இடைவெளியில் செய்தது ஒன்றே ஒன்று. தன் சந்தையை மாற்றிக்கொள்ளாமல் தன் மொழியை மாற்றினார். ஆங்கிலத்தில் பெயர் வாங்கியவர், முழு ஆல்பமும் தமிழில் என்று இறங்கினார். மலேசியாவில் இந்தியர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு, மொத்தமே 20 லட்சம் பேர். அந்தச் சிறிய சந்தைக்குத் தமிழ் ராப் விற்பது வியாபாரக் கணக்குப்படி சரியாக வராது. ஆனால் முதல் ஆல்பத்துக்கு எட்டு ஆண்டு கழித்து அவருக்கு இரண்டாவது புகழைக் கொண்டுவந்தது அந்தக் கணக்குத் தப்பிய முடிவுதான். அது முதலாவதைவிடப் பெரியது.

கோடம்பாக்கம் கூப்பிட்டது. 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' மறு ஆக்கத்தில் அவர் குரல். 2011-இல் 'ஆடுகளம்'. 2017-இல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா'. 2018-இல் 'காலா'. எம்சி ஜெஸ்ஸின் குரல் 2011-இல் 'கோ' படத்தின் 'என்னமோ ஏதோ' பாட்டில் ஒலித்தது. அந்தப் பாட்டை முணுமுணுக்காத கல்லூரி அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இல்லை. 2016-இல் மலேசியத் தமிழர் கதையையே சொன்ன 'கபாலி'யில் இன்னொரு மலேசியக் கலைஞர் ரோஷன் ஜாம்ராக்கின் ராப். ஒரு காலத்தில் பினாங்கிலிருந்து எழுந்த அல்லிகேட்ஸ் குழுவின் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் தமிழ்ப் பிள்ளைகளாக இருந்தும் மலாய்ப் பாட்டில்தான் நாடறிந்த புகழைப் பெற முடிந்தது. ஒரு தலைமுறை கழித்து மலேசியத் தமிழனின் தமிழே ஏற்றுமதிச் சரக்கானது. இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

ஆனால் சினிமாப் பாட்டில் குரல் கொடுப்பதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒருமுறைக் கூலி. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், பாடி, கையெழுத்துப் போட்டு, தொகையை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். பாட்டு பத்துக் கோடித் தடவை கேட்கப்பட்டாலும் அந்தத் தொகை வளராது. சினிமாவுக்கு வெளியே நிற்கிற கலைஞருக்கு மேடைதான் சோறு போடும். கல்யாண வரவேற்பு, நிறுவன விருந்து, கல்லூரி விழா, தீபாவளிக் கலை இரவு. மலேசியத் தமிழ்க் கலைஞர்களின் வருமானம் பெரும்பாலும் இந்தச் சனி, ஞாயிறுகளில்தான் இருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் அத்தனை மேடையும் ஒரே நாளில் அணைந்தது. வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பாடியவர் வீட்டில் வாடகைக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். புகழ் வேறு, வருமானம் வேறு என்பதை அந்த மாதங்கள் காட்டியதைப் போல வேறெதுவும் காட்டியதில்லை.

இந்தப் பிரிவினை பேராக்கின் தமிழர்களுக்குப் புதிதா?

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கை வழியாகச் சிங்கப்பூர் வந்த கன்றுகளில் ஒன்பதை பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ அங்கே நட்டார். அவற்றில் எஞ்சியது அந்த மரம் என்று சுற்றுலாப் பலகை சொல்கிறது. அந்த ஒன்பது கன்றுக்குப் பின்னால் வந்த தோட்டங்களில்தான் நம் பாட்டன், பூட்டன் எல்லாம் பால் வெட்டினார்கள். விடியாத நேரத்தில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய் நிற்பது, தலையில் கட்டிய விளக்கு, கையில் உளி. மரத்தின் பட்டையைக் காயம் படாமல் ஒரு நூலளவு சீவினால் வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல இறங்கி மங்கில் சொட்டும். சூடு ஏறுவதற்குள் முந்நூறு, நானூறு மரம். பிறகு வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிப் போய்க் கிராணி முன் நிறுத்துக் காட்ட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை.

அந்தப் பால் உலகத்தின் கார்களுக்குச் சக்கரமானது. பால் எடுத்தவருக்கு வாழ்நாள் முடிவில் லயத்து வீடுகூடச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும், செம்பனையையும் வெட்டித் தாமான் (குடியிருப்புப் பகுதி) கட்டியபோதும் நடந்தது அதுதான். இன்று மலேசியாவில் செம்பனை 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது. ரப்பரோ 11 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, பெரும்பகுதி சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை காரில் போகிறவர் கண்ணுக்குப் பல இடங்களில் பழைய தோட்டத்தின் அடையாளமாக எஞ்சியிருப்பது ஒரு முனீஸ்வரர் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்.

அங்கிருந்து பெயர்ந்தவர்கள் நகரத்து ஓரங்களில் கம்போங்குகளிலும் அடுக்குமாடி ஃப்ளாட்டுகளிலும் போய் அடைந்தார்கள். சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் எடுத்த 'ஜகாட்' படம் அந்த இடப்பெயர்ச்சிக்குப் பின் வளர்ந்த ஒரு சிறுவனின் கதை. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. அந்தச் சிறுவனின் கைக்கு எட்டும் தூரத்தில் ரவுடிக் கூட்டமும் இருந்தது, கற்பனையும் இருந்தது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைத் தடை செய்து பட்டியல் வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்று சொன்னது. 7 விழுக்காடு மக்களில் அத்தனை பேர். நம் சமூகத்தைத் தலைகுனிய வைத்த எண் அது.

ராப் அந்த வயதுப் பையன்களுக்கு ஏன் இத்தனை நெருக்கமானது என்பது இதிலிருந்து புரியும். வாத்தியம் வாங்கக் காசு வேண்டாம். பாட்டு வகுப்பு வேண்டாம். வாயும் மொழியும் போதும். சில பாடல்கள் கத்தியையும் கும்பலையும் மெச்சுகின்றன என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமான கவலைதான். ஆனால் எதுகை தேடி இரவெல்லாம் விழித்திருக்கிற பையன் அந்த இரவுக்காவது தெருவில் இல்லை. இதை எடைபோட்டுப் பார்க்காமல் ராப் என்றாலே கெட்டுப் போவது என்று முடிவு கட்டுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

அந்த இரவு எப்படி இருக்கும்? தாமான் வீட்டின் பின்னறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாயிற்று. எதிரொலி வராமல் இருக்க ஜன்னலில் தடித்த போர்வை, அலமாரிக் கதவைத் திறந்து அம்மாவின் சேலைகளுக்கு முன்னால் மைக். காற்றாடிச் சத்தம் பதிவில் விழும் என்பதால் அதையும் நிறுத்த வேண்டும். ஈப்போ வெயிலைப் பகலெல்லாம் குடித்த கூரை இரவில் அதைத் திருப்பித் தரும். வியர்வை காதுக்குழாய்க்குள் இறங்கும். ஒரு வரியில் மூச்சு தவறினால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் அதற்கும் ஒரு தடவை. விடியற்காலையில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று தயாராகும். பாட்டன் பெரட்டுக்குக் கிளம்பிய அதே நேரம்.

அந்தப் பாட்டு இப்போது எங்கே போகும், என்ன தரும்?

ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது 2013-இல். ஒரு தடவை கேட்டால் உரிமையாளர் பக்கம் வருவது சராசரியாக ஓர் அமெரிக்க சென்ட்டில் பாதிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொண்டால், பத்து லட்சம் தடவை கேட்ட பாட்டுக்கு ஏறத்தாழ 3,300 டாலர். விநியோகித்தவர், இசை அமைத்தவர், கோரஸ் பாடியவர், வீடியோ எடுத்தவர் என்று பங்கு பிரிந்தபின் எழுதிப் பாடிய பையன் கைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலை வரலாம். 2024-லிருந்து ஆண்டுக்கு ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு அந்தச் செயலி காசே தருவதில்லை. யூடியூபில் விளம்பர வருமானம் தொடங்க ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும். இவை எல்லாம்கூடப் பாட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

யார் பெயரில் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' இதற்குத் தமிழ் உலகம் கண்ட பெரிய சான்று. பாடியவர்கள் தீ, அறிவு. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்துதான் அறிவு அந்தப் பாட்டை எடுத்தார். தோட்டத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நமக்கு, அது ஏன் நெஞ்சை அடைத்தது என்று விளக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாமல் போனதும், 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியதும் பெரும் சர்ச்சையாகின. பாட்டு யாருடையது என்று அவர் பொதுவெளியில் எழுத வேண்டிவந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் அன்றுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்தச் சர்ச்சையில் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் தோட்டத்தைப் பற்றிய பாட்டுக்கும் தோட்டத்தின் கதி நேர்ந்ததே என்ற வலியை மறைக்கவும் முடியவில்லை. அறிவு அங்கேயே நின்றுவிடவில்லை என்பது ஆறுதல். 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று பாட்டியின் பெயரையே முன்னால் வைத்துத் தன் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு முழுதாக எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆனது. மறு ஆண்டு பாடகர்களுக்கென்று தனிச் சங்கமும் அமைந்தது. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதி முடித்த கணமே எழுதியவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. அவர் காலம் முழுதும், அதற்குப் பின் 50 ஆண்டும் அது நீடிக்கும். பேரப்பிள்ளைகள் வரை போகும் சொத்து. சான்று வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தெரிவித்துப் பதிந்துகொள்ளும் வசதி 2012-லிருந்து இருக்கிறது. 1989-லிருந்து எம்ஏசிபி என்ற சங்கம், வானொலியும் உணவகமும் மண்டபமும் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டியதை வசூலிக்கிறது. உறுப்பினர் ஆனால்தான் காசு வீடு தேடி வரும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. பழைய மெட்டின் மேல் புதிய சொல்லை வைத்தால், மெட்டு இன்னும் பழையவருடையதே. உலகத்தின் முதல் பெரிய ராப் வெற்றியான 'ராப்பர்ஸ் டிலைட்' 1979-இல் ஷீக் குழுவின் பேஸ் தாளத்தின் மேல் எழுந்தது. நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் கேள்வி கேட்டார்கள். பாட்டின் ஆசிரியர்களாக அவர்கள் பெயரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ராஜா மெட்டில் பாடினால் கூட்டம் சீக்கிரம் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் நாம் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த மெட்டில் மெதுவாக வளர்வது சொந்த மனையில் கூரை போடுவது.

புகழின் உச்சியில் வந்த பணத்தை என்ன செய்வது என்பதற்கும் பேராக்கில் ஒரு பாடம் நின்றுகொண்டிருக்கிறது. பத்து காஜா போகிற வழியில் கெல்லிஸ் காசல். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பரிலும் ஈயத்திலும் சேர்த்த பணத்தில், தமிழ்த் தொழிலாளர் கையால் கட்டத் தொடங்கிய மாளிகை. ஸ்பானிய விஷக்காய்ச்சலில் வேலையாட்கள் இறந்தபோது அவர்கள் கேட்டபடி அருகில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கொடுத்தார். கோயிலின் மேல் அவர் உருவத்தையும் வைத்தார்கள். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்தார். மாளிகை முடியவே இல்லை. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது.

அமெரிக்காவின் எம்சி ஹாமர் கட்டியதும் அப்படி ஒரு மாளிகைதான். 1990-இல் வந்த அவர் ஆல்பம் ஒரு கோடிக்கு மேல் விற்றது. கலிஃபோர்னியாவில் 3 கோடி டாலர் செலவில் வீடு. ஊர்ப் பிள்ளைகள், உறவுகள், தெரிந்தவர்கள் என்று ஏறத்தாழ 200 பேருக்குச் சம்பளம். ஆறே ஆண்டில், 1996-இல், 1.3 கோடி டாலருக்கு மேல் கடனோடு திவால் மனு. அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு தன்னை வளர்த்த ஊருக்கு வேலை கொடுக்கப் போனது. முதல் சம்பளத்திலேயே அக்கா கல்யாணம், தம்பி படிப்பு, கோயில் கும்பாபிஷேகம் என்று தோள் கொடுக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நிலைமை புரியும். ஹாமர் வீழ்ந்த அதே பத்தாண்டில் ஜே-ஸி, எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாத தன் பாட்டுகளை நண்பர்களோடு சேர்ந்து சொந்தக் கம்பெனியில் 1996-இல் வெளியிட்டார். 2019-இல் ஃபோர்ப்ஸ் அவரை முதல் ராப் பில்லியனர் என்று எழுதியது. மதுபானம், இசைச் செயலி, ஓவியம், நிலம் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. ஆனால் அடி போட்டது சொந்தக் கம்பெனி.

தமிழில் அந்த வழியைச் சரியாகப் பிடித்தவர்கள் என்றால் கோவை ஆதியும் ஜீவாவும். 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம், 2015-இல் 'ஆம்பள' படத்துக்கு இசை, 2017-இல் 'மீசைய முறுக்கு' படத்தில் ஆதியே எழுதி, இயக்கி, நடித்தார். குரலைக் கூலிக்குக் கொடுக்கும் இடத்திலிருந்து பாட்டை உருவாக்கும் இடத்துக்கு ஏறிவிட்டார்கள். தமிழ்நாட்டில் சினிமா என்ற பெரிய ஏணி இருப்பதால் அது முடிந்தது. மலேசியாவில் அந்த ஏணி குட்டை.

ஆகவே யோகி பி-யின் வாழ்க்கையை வங்கிக் கணக்கை வைத்து அளக்கக் கூடாது. முதல் தமிழ் ஆல்பம் வந்து இருபது ஆண்டு நெருங்கும் வேளையிலும், புதிதாக வருகிற மலேசிய, சிங்கப்பூர், சென்னைப் பிள்ளைகள் அவரை அண்ணன் என்றும் குரு என்றும் சொல்கிறார்கள். இருபதுகளில் கத்தி வாங்கிய புகழை ஐம்பதிலும் மரியாதையாக வைத்திருக்கும் ராப் கலைஞர்கள் எந்த மொழியிலும் மிகக் குறைவு. அவர் திறந்த மடையில் எத்தனையோ பேர் நனைந்தார்கள். மதகை மட்டும் அடுத்த தலைமுறை தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி தெரியாதவர்கள் இல்லை பேராக் தமிழர்கள். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போனார். பால் வெட்டுகிறவர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பங்குப் பணத்தைச் சேர்த்து, தோட்டங்களை அந்தச் சங்கத்தின் பெயரில் வாங்கினார். கெடாவின் புக்கிட் சிடிம் முதலாவது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள். கூலிக்கு உழைத்தவர்களின் சங்கத்தின் கையில் கிராண்டு (நிலப் பட்டா) வந்தது. கோலாலம்பூரில் அந்தச் சங்கத்தின் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாட்டுக்கும் கிராண்டு உண்டு. புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ பின்னறையில் மைக் வைத்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும், அவர்கள் பெற்றோரும் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பதிவு தொடங்கும் முன் ஒரு தாளை எடுங்கள். சொல் யாருடையது, மெட்டு யாருடையது, தாளம் யார் போட்டது, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று தமிழிலேயே எழுதுங்கள். தேதி போட்டு எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் என்ன கணக்கு என்று கூச்சப்படாதீர்கள், நட்பைக் காப்பாற்றப் போவதும் அந்தத் தாள்தான். எந்த நிறுவனம் ஒப்பந்தம் நீட்டினாலும் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். பிறகு காற்றாடியை நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்குங்கள்.